கலவைக் குழி

நகரத்தின் மூன்று காய்கறிச் சந்தைகளிலிருந்தும் முப்பது நாற்பது உணவகங்களிலிருந்தும் கழிவு அந்த ஆலைக்கு வந்து சேரும். முதலில் பிரிப்பு மேசையில் கொட்டுவார்கள். மேசையின் இருபுறமும் நிற்கும் பெண்கள் பிளாஸ்டிக் பை, கரண்டி, தகர மூடி, கயிறு எல்லாவற்றையும் பொறுக்கித் தனித்தனிக் கூடைகளில் போடுவார்கள். மிஞ்சும் அழுகல் அரைபட்டு, தண்ணீர் கலந்து, கூழாகி, தரைக்குக் கீழே மூன்று ஆள் ஆழமுள்ள கலவைக் குழிக்குப் போகும். அங்கிருந்து ஒரு பம்ப் அதைப் பெரிய தொட்டிக்குத் தள்ளும். தொட்டியில் பொங்கும் வாயுவில் எஞ்சின் ஓடும். எஞ்சின் தரும் மின்சாரத்தில் சந்தையின் குளிர் அறைகள் ஓடும். நேற்று அழுகினதுதான் இன்றைக்கு வந்ததை அழுகாமல் காப்பாற்றுகிறது என்று ஃபிட்டர் சொல்லிச் சிரிப்பான்.

ஆலையில் அவனுக்கு ஃபிட்டர் என்பதுதான் பெயர். அவன் மனைவிக்கு மீட்டரம்மா. சட்டைக் காலரில் தொங்கும் மஞ்சள் நிற வாயு மீட்டரைச் சாப்பிட உட்காரும்போதுகூட அவள் கழற்றமாட்டாள். எந்தக் குழிக்குள் யார் இறங்குவதானாலும் முதலில் காற்றைச் சோதித்து, அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. அவள் கையெழுத்தில்லாமல் யாரும் இறங்கக்கூடாது என்று விதி. விதி சுவரில் ஒட்டியிருந்தது. சுவர் ஈரத்தில் அதுவும் பாதி உரிந்து தொங்கியது.

இந்த வேலைக்கு வருமுன் அவளுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அதில் காட்டிய ஒரு படம் அவள் மனதைவிட்டுப் போகவில்லை. எங்கோ ஒரு குழி. அதன் வாயருகே ஐந்து ஜோடிச் செருப்பு. அடைப்பெடுக்க இறங்கியவன் ஒருவன். மற்ற நால்வரும் அவனைக் காப்பாற்ற ஒருவர்பின் ஒருவராக இறங்கியவர்கள். பயிற்சி கொடுத்தவர் இன்னொன்றும் சொன்னார். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறவரை கொஞ்சம் அவகாசம் உண்டு. நாற்றம் திடீரென்று நின்றால் வாயு போய்விட்டது என்று நினைக்காதீர்கள், உங்கள் மூக்கு செத்துவிட்டது என்று நினையுங்கள். அன்று பயிற்சிக்காகக் காய்ந்த குழி ஒன்றில் இறங்கி ஏறியபோதே அவளுக்குக் கைகால் வெடவெடத்தது. வெளியே அதை யாரிடமும் அவள் சொல்லவில்லை.

அது நடந்தது ஒரு முற்பகலில். பத்தரை மணி இருக்கும். கலவைக் குழியின் பம்ப் அந்த வாரத்தில் மூன்றாவது தடவையாக அடைத்துக்கொண்டது.

"ஏதோ கயிறு சுத்தியிருக்கு," என்றான் ஃபிட்டர், குழி மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு. "ரெண்டு நிமிஷ வேலை."

"முதல்ல ஊதுவிசிறி போடணும். ஆளைக் கயித்துல இறக்கித் தூக்கற முக்காலி கொண்டாரணும். சீட்டு எழுதணும்."

"நீ எழுதி முடிக்கறதுக்குள்ள எஞ்சின் நின்னுடும்."

"நிக்கட்டும். நின்ன எஞ்சினைத் திரும்ப ஓட்டிக்கலாம்."

"உத்தரவு இன்ஸ்பெக்டரம்மா," என்று அவன் பணிவாகக் குனிந்தான். பிரிப்பு மேசையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

அவள் மீட்டரைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கிப் பார்த்தாள். அது சத்தம் போடவில்லை. ஆனால் கூழைக் கலக்கினால் உள்ளேயிருந்து என்ன கிளம்பும் என்று மீட்டருக்குத் தெரியாது. அதை அவனிடம் சொன்னாள். அவனும் தலையாட்டினான். சீட்டுப் புத்தகத்தை எடுக்க அவள் அலுவலகத்துக்குப் போனாள். மேலாளர் அலமாரியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு யாருடனோ தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். அவர் பேசி முடித்துச் சாவியை நீட்ட ஆறேழு நிமிடம் ஆயிற்று.

அவள் திரும்பி வந்தபோது குழி வாயருகே ஒரு ஜோடி ஷூ இருந்தது.

ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொள்வதற்காக அவன் கழற்றி வைத்தது. ஒன்றையொன்று ஒட்டி, ஒழுங்காக. குழியருகே வெண்கலம் நின்றுகொண்டிருந்தாள். பிரிப்பு மேசைக்காரி. தொண்டையை வைத்து வந்த பெயர். அந்தத் தொண்டையிலிருந்து இப்போது கிசுகிசுப்பாகத்தான் பேச்சு வந்தது.

"கயிறை இழுத்தாரு. குபுக்குனு என்னமோ கிளம்புச்சு. அப்புறம் உக்காந்துட்டாரு. கூப்பிட்டா பேசமாட்டேங்கறாரு."

அவள் எட்டிப் பார்த்தாள். ஏணியின் அடியில், பம்பின் இரும்புப் பீடத்தில் முதுகைச் சாய்த்து, வேலை அலுப்பில் கண்ணயர்ந்தவன்போல் அவன் உட்கார்ந்திருந்தான். இடுப்புவரை கூழ். தலை மார்பில் கவிழ்ந்திருந்தது. கையில் இன்னும் நீலக் கயிற்றின் நுனி. அவள் காலர் மீட்டர் கத்தத் தொடங்கியது. அழுகிய முட்டை நாற்றம் மூக்கைக் குத்தியது. அடுத்த நொடி நாற்றம் இல்லை.

தீயைத் தொட்டவள்போல் அவள் பின்வாங்கினாள். வெண்கலத்தையும் இழுத்துக்கொண்டு நாலடி தள்ளிப் போய் மூச்சு வாங்கினாள்.

அதற்குள் கொழுந்தன் ஓடிவந்துவிட்டான். ஃபிட்டரின் தம்பி. கழிவு அள்ளும் லோடர் வண்டி ஓட்டுகிறவன், ஆள் வாட்டசாட்டம், முகம் முழுக்கக் காடாகத் தாடி. வண்டியை உறுமியபடியே விட்டுவிட்டு வந்திருந்தான். "அண்ணன் எங்க?" என்றான். பதிலுக்குக் காத்திராமல் நேராகப் போய் ஏணியில் கால் வைத்தான்.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாய்ந்தாள். அவன் இடுப்புப் பெல்ட்டை இரண்டு கையாலும் பற்றிப் பின்னால் சாய்ந்தாள். இருவரும் தரையில் விழுந்தார்கள்.

"விடுங்க அண்ணி."

"முடியாது."

"அண்ணன் சாவறான் அண்ணி."

"தெரியும். நீ இறங்கினா நான் ரெண்டு பேரைத் தூக்கணும். ஒருத்தரைத் தூக்கவே எனக்குத் தெம்பில்ல."

அவன் திமிறினான். அவள் அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவனை அதட்டிக்கூடப் பேசாதவள். அதற்குள் லாரி ஓட்டுநர்கள் இருவர் வந்து சேர்ந்தார்கள். "ஒரே தம்முல இறங்கித் தூக்கிடலாம், மூணு ஆம்பள இருக்கோம்," என்றபடி ஒருவர் சட்டையைக் கழற்றத் தொடங்கினார். அவள் எழுந்து, பக்கத்தில் கிடந்த மண்வெட்டியை எடுத்தாள்.

"ஏணியில எந்தக் கால் படுதோ அந்தக் காலை வெட்டுவேன்."

அவள் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அது வெறும் பேச்சாகத் தெரியவில்லை. யாரும் அசையவில்லை. பின்னால் யாரோ, "கல்நெஞ்சுக்காரி," என்றது அவள் காதில் விழுந்தது. விழட்டும் என்று விட்டாள்.

"தம்பி, லோடரை அணை. ஒரு பொறி பட்டா நாம எல்லாருமே போயிடுவோம். ஊதுவிசிறியைக் கொண்டா. மோட்டார் அங்க, காத்து வர்ற பக்கம் இருக்கணும். குழாய் மட்டும் உள்ள இறங்கட்டும். அண்ணன் முகத்துக்கிட்ட வரணும். அண்ணே, முக்காலி ஸ்டோர்ல பிளாஸ்டிக் மூட்டைக்குப் பின்னால கிடக்கு, ரெண்டு பேரும் போங்க. வெண்கலம், தீயணைப்புக்குப் போன் போடு, ஆம்புலன்ஸுக்கும்."

வேலை கிடைத்ததும் அவர்கள் ஓடினார்கள். அவள் மண்வெட்டியுடன் தனியே நின்றாள். கீழே அவளுடைய கணவன் உட்கார்ந்திருந்தான். எட்டிப் பார்க்கக்கூட அவளால் முடியாது.

ஊதுவிசிறி இரைய ஆரம்பித்தது. கொழுந்தன் குப்புறப் படுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, குழாயை இறக்கினான். தீயணைப்பு வண்டி வர இருபது நிமிடமாகுமாம். இருபது நிமிடம் தாங்காது என்பதை யாரும் அவளுக்குச் சொல்லவேண்டியதில்லை.

மூச்சுக்காற்று சிலிண்டர்கள் ஆலையில் இரண்டு. ஒன்று நிரப்பப் போயிருந்தது. மற்றதன் முள் பாதிக்குச் சற்று மேலே நின்றது. கொழுந்தன் முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டான். அவள் அதன் ஓரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். தாடி வழியாகக் காற்று புஸ்ஸென்று கசிந்தது.

"கழட்டு. உனக்கு இது ஒட்டாது."

"அப்போ யாரு?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். ஓட்டுநர்கள் இருவருக்கும் அந்த முகமூடியைத் தொட்டுக்கூடப் பழக்கமில்லை. மேலாளர் அலுவலக வாசலில் நின்று யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தார்.

முள் காட்டிய காற்று புத்தகக் கணக்கில் பதினைந்து நிமிடத்துக்கு வரும். ஆனால் பயந்தவர்கள் அதிகம் மூச்சு விடுவார்கள். அவளுக்கு அது எட்டு நிமிடம்கூட வராது. அவள் மீட்டரில் நீண்ட உறிஞ்சுகுழாயைச் செருகி, குழாயை மட்டும் குழிக்குள் இறக்கினாள். தீப்பற்றும் அளவு இன்னும் சிவப்பில் இருந்தது. இந்த நிலையில் உள்ளே இரும்பு இரும்பில் உரசினால் போதும். காத்திருக்க வேண்டும். அவள் சிலிண்டரை முதுகில் மாட்டி, வாரை இறுக்கி, முகமூடியைக் கையில் பிடித்துக்கொண்டு மீட்டர் காட்டும் எண்ணையே பார்த்தாள். எண் இறங்கியது. நின்றது. மீண்டும் இறங்கியது. கொழுந்தன் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தான். சிவப்பு மஞ்சளாயிற்று. மஞ்சள் பச்சையாயிற்று.

"அண்ணி, பச்சை."

"இன்னும் கொஞ்சம் இறங்கட்டும்," என்றாள்.

பிறகு முகமூடியை மாட்டினாள். உலகத்துச் சத்தமெல்லாம் அடங்கி, அவளுடைய மூச்சு மட்டும் யாரோ காதோரம் அறுப்பதுபோல் கேட்டது. குழி வாயில் நிறுத்தியிருந்த முக்காலியின் கைப்பிடியைக் கொழுந்தனிடம் காட்டினாள். கயிற்றை மூன்று முறை இழுத்தால் சுற்று என்று விரலால் சொன்னாள். அவள் இடுப்பில் தனியாக ஒரு கயிறு. அதை ஓட்டுநர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

முதல் படி. இரண்டாம் படி. ஏழாவது படியில் அவள் கால் நின்றுவிட்டது. மேலே வட்டமாக வெளிச்சம் சிறுத்திருந்தது. ஏறிவிடு, ஏறிவிடு என்று உடம்பிலுள்ள ஒவ்வொரு எலும்பும் கெஞ்சியது. நெற்றி விளக்கின் வெளிச்சம் ஃபிட்டரின் தலையில் விழுந்தது. உச்சியில் முடி கொட்டத் தொடங்கியிருந்த இடம். அதை மறைக்க அவன் தினமும் கண்ணாடி முன்னால் படும் பாட்டை நினைத்தாள். கால் நகர்ந்தது.

கூழ் அவள் தொடைக்கு மேல் ஏறியது. கையுறையோடு அவன் கழுத்தைத் தொட்டாள், ஒன்றும் தெரியவில்லை. உயிர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. அக்குளுக்குக் கீழே, முக்காலிக் கயிற்றில் தொங்கிய வாரைச் செருகினாள். கொக்கி வழுக்கியது. இரண்டாவது தடவையும் வழுக்கியது. மூன்றாவது தடவை மாட்டியது. கயிற்றை மூன்று முறை இழுத்தாள். அவன் உடம்பு எழும்பியது, பிறகு நின்றது. பூட்ஸ் கூழுக்குள் உறிஞ்சிப் பிடித்திருந்தது. அவள் குனிந்து, முகமூடிக் கண்ணாடி கூழைத் தொடும்வரை குனிந்து, அவன் கால்களைப் பூட்ஸிலிருந்து ஒவ்வொன்றாக உருவினாள். அவன் தலைக்கு மேலே போனான். வெறுங்காலிலிருந்து அவள் தோளில் கூழ் சொட்டியது.

அப்போது சிலிண்டர் விசில் அடிக்கத் தொடங்கியது. காற்று தீரப்போகிறது என்று அர்த்தம். ஆனால் அவன் உடம்பு குழி வாயைக் கடக்கும்வரை அவள் ஏணியில் ஏற வழியில்லை. அவள் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மேலே பார்த்தாள். அவன் வெளிச்ச வட்டத்தை அடைத்துக்கொண்டான். குழி இருண்டது. விசிலும் அவள் மூச்சும் தவிர ஒன்றுமில்லை. யாரையும் கூப்பிட முடியாது. கூப்பிட்டால் காற்று போகும். அந்த இருட்டு அரை நிமிடம்தான் என்று பிறகு சொன்னார்கள். அவளிடம் கேட்டால் அரை நாள் என்பாள்.

வட்டம் திறந்தது. எப்படி ஏறினாள் என்று அவளுக்கு நினைவில்லை. மேலே வந்து முகமூடியைக் கழற்றியபோது, வெண்கலம் ஃபிட்டரின் மார்பில் காதை வைத்துக் கிடந்தாள்.

"இருக்கு," என்றாள் வெண்கலம். "மெதுவா இருக்கு. ஆனா இருக்கு."

மருத்துவமனையில் மூன்று நாள் அவன் கண் திறக்கவில்லை. குழாய்கள், திரையில் பச்சைக் கோடு. கோடு சற்றுத் தாழ்ந்தால் அவளுக்கு உயிர் போய் உயிர் வரும். இரண்டாம் நாள் நாத்தனார் வந்தாள், ஃபிட்டருக்கு மூத்தவள். கதை அவளுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது.

"என் தம்பி உள்ள செத்துக்கிட்டிருக்க, நீ மண்வெட்டி வெச்சிக்கிட்டுக் காவல் நின்னியாமே."

"ஆமாக்கா."

"தூக்க வந்தவங்களையும் விரட்டினியாமே."

"ஆமாக்கா."

நாத்தனார் மேலும் ஏதேதோ கேட்டாள். அவள் எல்லாவற்றுக்கும் ஆமா என்றாள். விளக்கிச் சொல்லத் தெம்பில்லை. சுவரோரமாகக் கொழுந்தன் நின்றுகொண்டிருந்தான். நடந்தது முழுக்கத் தெரிந்தவன். அவன் ஒரு வார்த்தை சொல்வான் என்று காத்திருந்தாள். அவன் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நான்காம் நாள் ஃபிட்டர் கண்விழித்தான். "எஞ்சின் நிக்கலையே?" என்றுதான் முதலில் கேட்டான். அதைக் கேட்டு நர்ஸ்கூடச் சிரித்துவிட்டாள். குழியில் இறங்கியது அவனுக்கு நினைவே இல்லை. ஒரு மாதத்தில் வீட்டுக்கு வந்தான். மூக்கு மணம் அறியவில்லை. கை நடுக்கம் நிற்கவில்லை. ஸ்பேனர் பிடிக்கிற கை இப்போது தம்ளர் பிடித்தால் பாதி தரைக்குப் போனது. மூளைக்குக் காற்றுப் போகாமல் இருந்த நேரத்தைப் பொறுத்தது என்றார் டாக்டர். ஒரு நிமிடம்கூடக் கணக்கில் வரும் என்றார். அதைக் கேட்டதிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆலையில் விசாரணை நடந்தது. அவள் செய்தது சரி என்று எழுதினார்கள். இனி யாருமே இறங்கவேண்டியதில்லாதபடி, பம்பை மேலேயே இழுத்துக்கொள்ளத் தண்டவாளமும் சங்கிலியும் பொருத்தினார்கள். பிரிப்பு மேசைக்கு இன்னும் இரண்டு பெண்களைச் சேர்த்தார்கள், கயிறு ஒன்றுகூடத் தப்பாமல் பார்க்க. இதற்கெல்லாம் நாலு மாதம் ஆயிற்று. அந்த நாலு மாதமும் கொழுந்தன் அவளிடம் பேசவில்லை. அவள் வரும் வழியில் வரமாட்டான். கோபம் என்று அவள் நினைத்தாள். எல்லார் முன்னாலும் அறைந்தது தப்புதான் என்றும் நினைத்தாள்.

சங்கிலியில் பம்பை முதன்முதலாக மேலே இழுத்துப் பார்த்த அன்று அவன் தாடியை மழித்துக்கொண்டு வந்திருந்தான். கன்னம் வெளுத்து, யாரோ புது ஆள் மாதிரி இருந்தான். வேலை முடிந்து மற்றவர்கள் கலைந்த பிறகு அவளிடம் வந்தான்.

"அண்ணி, முகமூடிப் பயிற்சிக்குப் பேர் குடுத்திருக்கேன்."

"நல்லது."

"அன்னைக்கு நான் ஏணியில ரெண்டு படி இறங்கினேன்."

"ஒரு படி."

"ரெண்டு. ரெண்டாவதுல நாத்தம் நின்னுடுச்சு. கால் வரல. நீங்க பெல்ட்டைப் பிடிச்சு இழுத்தீங்க பாருங்க, அப்பாடான்னு இருந்துச்சு. அண்ணன் கீழ கிடக்கான். எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. அதுக்கப்புறம் விடுங்க விடுங்கன்னு கத்தினது பூரா, நீங்க விடமாட்டீங்கன்னு தெரிஞ்சு கத்தினதுதான். அக்கா உங்களைப் பேசினப்போ நான் வாயைத் திறக்கல. திறந்தா இதையும் சொல்லணுமே."

அவள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நாளாக இதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறான் என்று தோன்றியது.

"பயப்படாம இருந்திருந்தா நீ இப்ப இங்க நின்னு பேசமாட்டே," என்றாள். "போ. வீட்டுக்கு வா, உங்கண்ணன் உன்னைத் தேடறாரு."

அவன் போய்விட்டான். ஆனால் அவன் இறக்கி வைத்ததைப்போல் அவளால் தன்னுடையதை இறக்கி வைக்க முடியவில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அது கூடவே வந்தது. மாலை வெளிச்சம் இன்னும் இருந்தது. ஃபிட்டர் ஜன்னலோரம் உட்கார்ந்து சட்டைப் பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தான். டாக்டர் சொன்ன பயிற்சி. ஒரு நாளைக்கு ஆறு பொத்தான்.

அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு மீட்டர் பச்சைக்கு வந்துடுச்சு. உடனே இறங்கியிருக்கலாம். இன்னும் கொஞ்சம் இறங்கட்டும்னு நின்னேன். ஒரு நிமிஷம் நின்னேன். எல்லார்கிட்டயும் கணக்காத்தான் நின்னேன்னு சொன்னேன். விசாரணையில அப்படித்தான் எழுதினாங்க. கணக்கா, பயமான்னு எனக்கே தெரியல. பயம்தான்னு நினைக்கறேன். அந்த ஒரு நிமிஷம்தான் உங்க கை இப்படி ஆனதோ என்னமோ."

அவன் பொத்தானை விட்டுவிட்டான். தெருவில் ஒரு வண்டி பின்னோக்கி நகரும் சத்தம் கேட்டு அடங்கியது.

"இருக்கலாம்," என்றான் கடைசியில்.

இல்லை என்று சொல்வான் என்றுதான் அவள் உள்ளூர எதிர்பார்த்திருந்தாள். அவன் பொய் சொல்லவில்லை. அவள் முகத்தை மூடிக்கொண்டாள்.

"நீ பயந்துக்கிட்டே இறங்கினே," என்றான். "நான் பயமில்லாமத்தான் இறங்கியிருப்பேன். யாரால இந்தக் கை இப்படி ஆச்சுன்னு நாம பங்கு பிரிக்க உக்காந்தா, உனக்கு ஒரு நிமிஷம்தான் வரும்."

அவளுக்கு அழுகை வந்தது. முழு ஆறுதல் இல்லை அது. ஆனால் அன்று குழிக்குள் போன பிறகு முதன்முதலாக அவள் மூச்சு அடிவயிறுவரை போய் வந்தது. அவன் மறுபடி குனிந்து நாலாவது பொத்தானைத் தேடினான். அவள் உதவப் போகவில்லை. அவனே போடட்டும் என்று எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.